தளர்வு நடந்த வழி

மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, ஹெனான் மாகாணத்தின் வென் வட்டத்தில் சென்ஜியாகோ என்று ஓர் ஊர் இருக்கிறது. கோதுமையும் சோளமும் விளையும் வண்டல் பூமி. 14ஆம் நூற்றாண்டில், போரில் பாழாகிக் கிடந்த ஹெனானுக்கு ஷான்ஷி மாகாணத்து மக்களை மிங் அரசு கூட்டம் கூட்டமாகக் கிளப்பி அனுப்பியபோது, சென் பூ என்பவர் தன் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். அவருடைய வம்சம் பெருகி ஊரானது. இன்று சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் நியூயார்க்கின் மாடிக் கூடங்களிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் உடற்பயிற்சி அறைகளிலும், “தோளை இறக்குங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், உடம்பை விடுங்கள்” என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள் அல்லவா? அந்தப் பாடம் புறப்பட்ட இடம் இந்த ஊர்தான். சீனத்தில் அதைச் ‘சொங்’ என்பார்கள். நாம் தளர்வு என்று வைத்துக்கொள்வோம். அடிதடிக்காகப் பிறந்த தாய்ச்சி என்ற கலையின் நடுவில் தளர்வு எப்படி வந்து உட்கார்ந்தது, பிறகு யார் யார் கையில் ஏறி எங்கெங்கே போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சென் குலத்தின் ஒன்பதாம் தலைமுறையில் வந்தவர் சென் வாங்திங். மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வட்டத்து ஊர்க்காவல் படைக்குத் தலைவராக இருந்தவர். 1644இல் மஞ்சூரியர்கள் பெய்ஜிங்கைப் பிடித்து சிங் ஆட்சியை நிறுவியபின், ஊர் திரும்பி உழவும் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுப்பதுமாக ஒதுங்கிக்கொண்டார். அவர்தான் இதைத் தொடங்கினார் என்பது ஊர் வழக்கு. அவருக்கு முன்மாதிரி எது என்பதையும் ஓரளவு சொல்ல முடியும். மிங் தளபதி சி ஜிகுவாங் 1560களில் எழுதிய படைப்பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு 32 நிலைகளைப் படத்தோடு தருகிறார். அவற்றில் 29 சென் குடும்பத்தின் பழைய வரிசைகளில் இருப்பதை, 1930களில் சென்ஜியாகோவுக்கே போய் விசாரித்த வரலாற்றாசிரியர் தாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். ஆக, அசைவுகள் படைவீரனுடையவை. அவற்றை எந்த உடம்போடு செய்வது என்பதில்தான் சென் குடும்பம் தன் கையைக் காட்டியது.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் போதிதர்மரை எதிர்பார்ப்பார். ‘7ஆம் அறிவு’ படம் வந்ததிலிருந்து சீனத்துப் போர்க்கலை என்றாலே காஞ்சிபுரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற துறவி என்று பழைய சீனக் குறிப்பே சொல்கிறது. அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் அவரை உடற்பயிற்சிக்குத் தந்தையாக்கும் ‘யி ஜின் ஜிங்’ என்ற நூல் 1624ஐ ஒட்டி எழுதப்பட்டது. பழம்பெருமை காட்டும் அதன் முன்னுரைகள் போலி என்று ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். மேலும், நாம் பேசும் இந்தத் தளர்வுக் கலைக்காரர்கள் போதிதர்மரைத் தங்கள் முன்னோராகப் பொதுவாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் காட்டுவது வூதாங் மலைத் தாவோயிசத் துறவி ஜாங் சான்ஃபெங்கை. அதுவும் புராணம்தான். அந்தப் புராணம் முதலில் தென்படும் இடம் கவனிக்கத்தக்கது: 1669இல் ஹுவாங் ஜோங்ஷி என்ற அறிஞர், வாங் ஜெங்நான் என்ற வீரருக்கு எழுதிய கல்லறை வாசகம். ஷாவ்லின் பௌத்த மடத்துக் கலையை ‘புறம்’ என்றும், எதிராளி அசையும்போதே அடக்கிவிடும் வேறொரு கலையை ‘அகம்’ என்றும் பிரித்தவர் அவர்தான். ஹுவாங், மஞ்சூரியரை எதிர்த்துப் போராடித் தோற்ற மிங் விசுவாசி. வெளியிலிருந்து வந்த பௌத்தம் ஒரு பக்கம், மண்ணின் தாவோயிசம் மறுபக்கம் என்று அவர் வகுத்ததில் அரசியல் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ‘அகம்’ என்ற பெயர் அப்படி ஒரு தோல்வியின் ஆற்றாமையில் பிறந்தது. சென்ஜியாகோக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தார்களா என்பதற்குச் சான்றில்லை.

தளர்வு என்றால் என்ன என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வோம். உங்கள் வலது மேற்கையின் தசைகளை, முன்புறமும் பின்புறமும் சேர்த்து, முடிந்தவரை இறுக்குங்கள். இறுக்கத்தை விடாமல் முழங்கையை வேகமாக மடக்கி நீட்டுங்கள். கை நடுங்கும், வேகம் வராது. மடக்கும் தசை வேலை செய்யும்போது நீட்டும் தசையும் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பலத்தில் பாதி உங்களையே எதிர்க்கப் போய்விடுகிறது. இப்போது இறுக்கத்தை விட்டுவிட்டு அதே அசைவைச் செய்து பாருங்கள். பயம் வந்தால் மனித உடம்பு தானாக முதல் வகையில் நடந்துகொள்கிறது. தோள் ஏறும், மூச்சு நிற்கும், முழங்கால் விறைக்கும். அடி விழப்போகும் நொடியில் இரண்டாவது வகையில் இருக்கப் பழக்குவதுதான் அகக்கலைகளின் முதல் வேலை. கேட்க எளிது. பழக வருடங்கள் ஆகும்.

துவண்டு போவதும் தளர்வதும் ஒன்றல்ல. துவண்டவன் மேல் பாரம் விழுந்தால் மடங்கிவிடுவான். தளர்ந்தவனுடைய எலும்புக்கூடு நேராக நிற்கும். உச்சந்தலை மேலே எழும்பி, வால் எலும்பு கீழே தொங்கி, இடைப்பட்ட மூட்டுகள் எல்லாம் திறந்திருக்கும். அந்த நிலையை வைத்திருக்க எவ்வளவு தசை தேவையோ அவ்வளவுதான் வேலை செய்யும், மீதி ஓய்வெடுக்கும். அப்போது உடம்பின் எடை தடையில்லாமல் பாதத்துக்கு இறங்குகிறது. தோளில் விழித்திருக்கும் குழந்தையைவிடத் தூங்கிவிட்ட குழந்தை கனக்கும் என்பது பிள்ளை தூக்கிய எல்லோருக்கும் தெரியும். தராசில் எடை ஒன்றுதான். தூங்கும் குழந்தை தன்னைத்தானே தாங்கிக்கொள்வதில்லை. முழுவதையும் உங்கள் மேல் போட்டுவிடுகிறது. தேர்ந்த தாய்ச்சிக்காரரின் முன்கை உங்கள் கை மேல் படியும்போது இந்தக் கனம் தெரியும்.

அந்தக் கனத்திலிருந்து எழும் விசைக்கு ‘ஜின்’ என்று பெயர். வெறும் தசைப்பலம் ‘லி’. தோளை மட்டும் வைத்துத் தள்ளினால் அது லி. பாதம் நிலத்தை அழுத்த, நிலம் திருப்பித் தரும் உந்துதல் காலில் ஏறி, இடுப்பில் திசை பெற்று, முதுகைக் கடந்து கையில் வெளிப்பட்டால் அது ஜின். வழியில் ஏதாவது ஒரு மூட்டு இறுகியிருந்தால் விசை அங்கேயே தங்கிவிடும். ஆகவே தளர்வு என்பது விசைக்கு வழி திறந்துவிடும் வேலை. ‘சி’ என்கிற உயிர்மூச்சுச் சக்தி அடிவயிற்றில் தேங்கி உடம்பெங்கும் ஓடுகிறது என்று பழைய ஆசான்கள் விளக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மொழியில் அவர்கள் உணர்ந்ததைச் சொன்னார்கள். மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கினால் தோள் தானாக இறங்குவதை யாரும் தன் உடம்பிலேயே காணலாம். அந்தச் சியை நூலாகப் பிடித்துக்கொண்டு, தொடாமலே ஆளைத் தூக்கி எறிவேன் என்பவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவை அனைத்தும் சோதனைக்கு உள்ளாகும் இடம் ‘துய் ஷோ’, கைகளால் தள்ளிப் பழகுவது. இருவர் எதிரெதிரே ஒரு காலை முன்வைத்து நிற்கிறார்கள். முன்கையோடு முன்கை ஒட்டியிருக்கிறது. ஒருவர் மெதுவாகத் தள்ள, மற்றவர் விலகாமலும் எதிர்க்காமலும் பின்னே சாய்ந்து, இடுப்பைத் திருப்பி அதை ஓரமாக வழியவிடுகிறார். பிறகு அவர் முறை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றும்போது தோல் வழியாக எதிராளியைக் ‘கேட்க’ வேண்டும்: எந்தக் காலில் எடை இருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறார், எப்போது புறப்படப் போகிறார். நம் கையே இறுகியிருந்தால் இது எதுவும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் ஏர்ன்ஸ்ட் வேபர் கண்ட விதி இது: கையில் ஏற்கெனவே இருக்கும் பாரம் கூடக்கூட, வித்தியாசம் உணர அதற்கேற்பப் பெரிய மாற்றம் தேவைப்படும். சென்ஜியாகோ உழவர்கள் வேபரைப் படிக்கவில்லை. கையின் அழுத்தத்தைக் குறைத்தால் எதிராளியின் சின்ன அசைவும் கேட்கும் என்பதைத் தங்கள் முற்றத்தில் கண்டுபிடித்திருந்தார்கள்.

முற்றத்தைத் தாண்டி அதை வெளியே கொண்டுவந்தவர் யாங் லூசான். 1799இல் ஹெபெய் மாகாணத்து யோங்நியானில் பிறந்த ஏழை. யோங்நியானில் மருந்துக்கடை வைத்திருந்த சென் தேஹு என்ற சென்ஜியாகோ செல்வரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஊரில் அப்போது ஆசானாக இருந்த சென் சாங்ஷிங்கிடம் பாடம் கேட்டார். சென் சாங்ஷிங், நிமிர்ந்த முதுகும் அசையாத தலையுமாக நிற்பதால் ‘முன்னோர் பலகை’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். சீன வீடுகளில் முன்னோர் பெயரெழுதி நிறுத்தும் மரப்பலகையைத்தான் அப்படிச் சொன்னார்கள். யாங் சுவரிடுக்கில் எட்டிப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்றார் என்று பிற்காலக் கதைகளும் படங்களும் சொல்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எட்டிப் பார்த்துக் கை அசைவைக் கற்கலாம். தளர்வைக் கற்க முடியாது. அது தொட்டுத்தான் வரும். சென் சாங்ஷிங் அந்த வேலைக்காரப் பையனின் கையைத் தன் கையால் தொட்டுத் திருத்தியிருக்க வேண்டும். குலத்துக்கு வெளியே வித்தையைக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை மறைத்துத் திருட்டுக் கதை நிற்பது வருத்தம்தான்.

யாங் ஊர் திரும்பியபோது, மருந்துக்கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரக் குடும்பத்தில் வூ யூஷியாங் என்ற படித்தவர் அவரிடம் ஆர்வமாக வந்து சேர்ந்தார். போதவில்லை என்று 1852இல் ஹெனானுக்கே புறப்பட்டு, சென்ஜியாகோவுக்குப் பக்கத்தில் ஜாவ்பாவ் என்ற ஊரில் சென் சிங்பிங்கிடம் பயின்றார். அதே காலத்தில் வூயாங் வட்ட அதிகாரியாக இருந்த அவருடைய அண்ணன், ஓர் உப்புக் கடையில் கிடைத்ததாக ஒரு சிறு கையெழுத்துப் பிரதியைத் தம்பிக்குக் கொடுத்தார். வாங் ஜோங்யுவே என்பவர் எழுதியது என்று சொல்லப்பட்ட அந்தச் சில பக்கங்கள்தான் இன்று தாய்ச்சியின் மூலநூல். பலசாலி பலவீனனை வெல்வது பிறவியில் வந்த சங்கதி, அதில் படிப்பு எங்கே இருக்கிறது என்று அது கேட்கிறது. வாங் ஜோங்யுவே என்று ஒருவர் இருந்தாரா, வூ சகோதரர்களே எழுதி உப்புக் கடைமேல் பழிபோட்டார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும், உழவர் கையில் சொல்லில்லாமல் இருந்த ஒன்று அந்த நாளில் சொல் பெற்றது. வூவின் மருமகன் லி யீயூ அதோடு மாமாவின் குறிப்புகளையும் தன்னுடையவற்றையும் சேர்த்துக் கையால் படியெடுத்துக் கொடுத்தார். அதற்குப் பின் தளர்வைப் பற்றிப் படிக்க முடிந்தது. படித்தவர்கள் எல்லாருக்கும் அது வந்துவிட்டதா என்றால், இல்லை.

யாங் லூசான் பெய்ஜிங் போனார். மஞ்சூரிய இளவரசர்களின் மாளிகைகளிலும் காவல்படையிலும் கற்றுக்கொடுத்தார். அவரைப் பற்றியும் அவர் மகன் ஜியான்ஹோவைப் பற்றியும் ஒரு கதை உண்டு: உள்ளங்கையில் குருவியை விட்டால் அதனால் பறந்து போக முடியாதாம். குருவி எழும்ப முதலில் காலை ஊன்றித் தாவ வேண்டும். அது ஊன்றும் நொடியில் கை அதே அளவு கீழே இறங்கிவிடும்; ஊன்ற இடமில்லாமல் குருவி அங்கேயே படபடக்கும். நடந்ததோ இல்லையோ, பறவை புறப்படும் வேகத்தில் பெரும்பங்கு காலிலிருந்துதான் வருகிறது என்பது இன்றைய உயிரியல் அளந்து சொல்வது. தளர்வைச் சண்டையில் பயன்படுத்தும் வழியும் இதுவே. தள்ளுபவனுக்கு ஊன்றிக்கொள்ள இடம் கொடுக்காமல் இருப்பது.

பெய்ஜிங் இந்தக் கலையின் தோற்றத்தை மாற்றிவிட்டது. சென்ஜியாகோ வரிசைகளில் மெதுவான அசைவுக்கு நடுவே திடீர் வெடிப்பும், தரையை மிதிக்கும் ஓசையும், தாவலும் உண்டு. யாங் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் தாவலும் மிதியும் ஒவ்வொன்றாகக் கழன்று, எல்லாம் ஒரே சீரான மெதுநடை ஆயிற்று. நீண்ட அங்கி போட்ட பிரபுக்களால் குதிக்க முடியாது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் 1912க்குப் பிறகு வந்தது. அரசாட்சி வீழ்ந்து குடியரசு பிறந்திருந்தது. சீனரை நோயாளி நாட்டார் என்று உலகம் இகழ்ந்த காலம். துப்பாக்கி வந்தபின் கைச்சண்டைக்கு வேலை இல்லை. ஆனால் மெலிந்த உடம்புகளைத் தேற்றும் வேலை இருந்தது. ஷூ யூஷெங் பெய்ஜிங்கில் நிறுவிய உடற்பயிற்சி ஆய்வுச் சங்கத்தில் யாங் லூசானின் பேரர்கள் ஷாவ்ஹோவும் செங்ஃபூவும், மஞ்சூரியக் காவலர் சுவான்யோவின் மகன் வூ ஜியான்சுவானும் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஷிங்யி, பாகுவா என்ற வேறு இரு கலைகளில் பெரிய ஆளான சுன் லூதாங், நோயுற்ற தாய்ச்சி ஆசான் ஹாவ் வெய்ஜென்னைக் கவனித்துக்கொண்டதற்கு நன்றியாகத் தாய்ச்சியைப் பெற்றார். மூன்றும் அடிப்படையில் ஒன்றே என்று புத்தகங்கள் எழுதினார். ‘அகக் கலைகள்’ என்று இம்மூன்றையும் நாம் இன்று ஒரே கூடையில் போடுவதற்கு அவர் பேனா முக்கியக் காரணம்.

1928இல் தளர்வு தெற்கே இறங்கியது. யாங் செங்ஃபூ நான்ஜிங், ஷாங்காய், ஹாங்ஜோ, கடைசியில் குவாங்ஜோ என்று பயணம் செய்தார். பெருத்த உடம்பு, மெதுவான பேச்சு. ஷாங்காயில் அவரிடம் வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர் ஜெங் மான்சிங். ஓவியர், கவிஞர், நாட்டு மருத்துவர், காசநோயில் ரத்தம் கக்கியவர். ஆசான் நாள்தோறும் தன்னிடம் “தளர், தளர், இன்னும் தளரவில்லை” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்று ஜெங் பிறகு எழுதினார். எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒரு நாள் இரவு தன் இரு கைகளும் ஒடிந்துவிட்டதாகக் கனவு கண்டார். திடுக்கிட்டு எழுந்தபோது, ரப்பர் கயிற்றில் கோத்த பொம்மையின் கைகள் எப்படி எந்தப் பக்கமும் சுழலுமோ அப்படித் தன் கைகள் தோளிலிருந்து தொங்குவதை உணர்ந்தார். மறுநாள் தள்ளிப் பழகும்போது, அவரை வழக்கமாக வென்றுவந்தவர்கள் திகைத்தார்கள். இந்தக் கனவை நான் முழுக்க நம்புகிறேன். தளர்வு முயற்சியால் வருவதில்லை, முயற்சியே இறுக்கம். ஆனால் அந்தக் கனவுக்கு முன்னால் அவ்வளவு காலம் முயன்றிருக்கவும் வேண்டும்.

ஜெங் நீண்ட வரிசையை 37 நிலைகளாகச் சுருக்கினார். 1949இல் தைவான் போனார்; 1964இல் நியூயார்க். அங்கே நீண்ட தலைமுடி இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டது சைனா டவுன் பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகவே, தனிப் பள்ளி நடத்தினார். அமெரிக்காவில் தாய்ச்சி பரவியதற்கு அவர் பெரும் காரணம். இருந்தாலும், இந்தப் பயணத்தில் நியூயார்க்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகர் குச்சிங்.

ஹுவாங் ஷெங்ஷியான் 1910இல் ஃபூஜியான் மாகாணத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வெள்ளைக் கொக்குக் கலையில் தேர்ந்து, பேர் வாங்கிய ஆசானாகத் தைவான் வந்து சேர்ந்தார். அங்கே ஜெங்கின் கையைத் தொட்டுப் பார்த்தபின், தான் கற்றதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மாணவனாக உட்கார்ந்தார். நாற்பது வயதை நெருங்கிய ஆசான் ஒருவர் அப்படிச் செய்வது எந்தக் கலையிலும் அரிது. 1950களில் சிங்கப்பூர் வந்து, மலேசியாவில் ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கினார். 1970இல், தன் 60ஆவது வயதில், ஆசிய மல்யுத்த வீரராக அறியப்பட்ட லியாவ் குவாங்செங்கைக் குச்சிங்கில் பொதுமேடையில் சந்தித்தார். 26 முறை வீழ்த்தினார், தான் ஒரு முறையும் விழவில்லை என்பது அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு.

வெற்றியைவிட அவர் விட்டுச் சென்ற ‘சொங் ஷென் வூ ஃபா’ என்ற ஐந்து தளர்வுப் பயிற்சிகள்தான் பெரிய கொடை என்பேன். தோளகலத்துக்குக் கால் வைத்து நிற்க வேண்டும். இடுப்பு வலமும் இடமும் திரும்பும். கைகளுக்குச் சொந்த வேலை எதுவும் இல்லை, இடுப்பு போகும் பக்கம் அவை பின்னால் வந்து உடம்பில் தட்டும். முதல் சில நாட்களுக்கு எல்லாரும் கையைத்தான் வீசுவார்கள். ஆசிரியர் பக்கத்தில் வந்து உங்கள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துச் சட்டென்று விடுவார். கை அந்தரத்தில் நின்றால் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். விழுந்தால் சரி. பெரும்பாலானவர்களுக்கு நிற்கும், தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் தெரியும். ஜெங்குக்குக் கனவில் கிடைத்ததை, கனவு வராதவர்களுக்கும் கிடைக்கும்படி ஹுவாங் படிப்படியான பாடமாக்கினார்.

சீன மண்ணிலேயே இதற்குள் வேறு திருப்பங்கள். 1956இல் அரசின் விளையாட்டுத் துறை யாங் வழியிலிருந்து 24 நிலைகளை எடுத்துச் சில நிமிடங்களில் முடியும் எளிய வரிசையை வெளியிட்டது. தொழிற்சாலை வாசலிலும் பள்ளி மைதானத்திலும் கோடிக்கணக்கானோர் அதைச் செய்தார்கள். பரவியது நல்லதே. தள்ளிப் பழகுவது அந்தப் பரவலில் பெரும்பாலும் விடுபட்டுப்போனது நல்லதல்ல. சென்ஜியாகோவிலோ கலையே அணைந்துபோகும் நிலை. தேர்ந்தவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1928இல் பெய்ஜிங் சென்றிருந்த சென் ஜாவ்பெய், 1958இல் ஊர் திரும்பி இளைஞர்களைக் கூட்டினார். கலாச்சாரப் புரட்சியில் அவமானப்படுத்தப்பட்டார்; அதன் பிறகும் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. இன்று உலகம் அறிந்த சென் ஷியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் ஷியான், ஜு தியான்சாய் நால்வரும் அவர் வளர்த்தவர்கள். 1972இல் அவர் மறைந்தார். 1978இல் தெங் ஷியாவ்பிங், தாய்ச்சி நல்லது என்று ஜப்பானிய விருந்தினருக்குத் தூரிகையால் எழுதிக் கொடுத்தபோது அரசின் கதவு திறந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தாய்ச்சியைச் சேர்த்தது.

சண்டையில் இது நிற்குமா என்ற கேள்வியை மழுப்பாமல் பேச வேண்டும். 1954 ஜனவரியில், ஹாங்காங் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட, வூ ஜியான்சுவானின் மகன் வூ கோங்யீயும் வெள்ளைக் கொக்கு ஆசான் சான் ஹாக்ஃபூவும் மக்காவில் மேடையேறினார்கள். இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வென்றவர் தோற்றவர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். படச்சுருள் இருக்கிறது. அதில் இருப்பது இரண்டு பதற்றமான மனிதர்களின் வீச்சடிகள். அந்தப் பரபரப்பில்தான் சில நாட்களிலேயே லியாங் யூஷெங்கின் வாள்வீரத் தொடர்கதை ஹாங்காங் பத்திரிகையில் தொடங்கியது. மேடையில் காணாத அதிசயத்தைக் கதையில் வாசகர்கள் கண்டார்கள். 2017இல் செங்தூவில், தாய்ச்சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைக் கலப்புச் சண்டை வீரர் ஷூ ஷியாவ்தோங் அரை நிமிடத்துக்குள் தரையில் சாய்த்தார். காணொளி பரவியதும் கோபம் ஷூவின் மேல் திரும்பியது. என் பார்வையில் அவர் நல்லதே செய்தார். தன் மாணவர்களை மட்டுமே தள்ளிப் பழகிய ஆசானுக்கு, முழுப் பலத்தோடு எதிர்ப்பவரைத் தளர்வோடு சந்திக்கும் பழக்கம் இருக்காது. பயத்தில் இறுகாத உடம்பு, பயம் உள்ள இடத்தில் பழகினால்தான் அமையும். குருவின் விரலசைவில் வரிசையாகப் பறந்து விழும் மாணவர்களின் காணொளிகள் தாய்ச்சிக்குச் செய்த தீங்கை எந்தக் கலப்புச் சண்டை வீரரும் செய்யவில்லை.

மருத்துவம் அந்த மயக்கம் இல்லாமல் இதை அளந்திருக்கிறது. 1996இல் வெளியான அட்லாண்டா ஆய்வில் 70 வயதைத் தாண்டிய 200 பேர் பங்கேற்றார்கள். தாய்ச்சி பயின்றவர்களிடம் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஓரிகன் ஆய்வில் 195 பார்க்கின்சன் நோயாளிகள், வாரம் இரு முறை, 24 வாரம். எடைப்பயிற்சி செய்தவர்களையும் தசைநீட்டல் செய்தவர்களையும்விடத் தாய்ச்சிக் குழுவினர் சமநிலையில் முன்னேறியிருந்தார்கள். விழுவது தசைநீட்டல் குழுவைவிடக் குறைந்தது. எடைப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தெரிந்தே மாற்றுவது, தடுமாறும்போது விறைக்காமல் இருப்பது: சென்ஜியாகோக்காரன் தள்ளுபவனை எதிர்கொள்ளக் கண்டுபிடித்தது, முதியவர் குளியலறை ஈரத்தை எதிர்கொள்ள உதவுகிறது.

ஹுவாங் 1992இல் காலமானார். அவர் வழியில் வந்த வகுப்புகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடக்கின்றன. நம்மூர் நகரங்களிலும் தாய்ச்சி வகுப்பு என்ற பலகைகள் தென்படுகின்றன. சேர நினைப்பவர் முதல் நாளே ஆசிரியரிடம் மூன்று காரியம் கேளுங்கள். அவர் முன்கையைத் தொட்டுப் பார்க்க விடுவாரா? துய் ஷோ கற்றுத்தருவாரா? தன்னைவிடப் பலமான, தன் மாணவர் அல்லாத ஒருவர் உண்மையாகத் தள்ளினால் நின்று காட்டுவாரா? மூட்டுவலி உள்ளவர்கள், முழங்கால் எப்போதும் கால்விரல் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும் என்று அவர் திருத்துகிறாரா என்பதையும் பாருங்கள். தொடவிடாமல் தத்துவம் மட்டும் பேசுகிறவராக இருந்தால், கட்டணம் கட்டாமல் வந்துவிடுங்கள்.